ஆளுக்குப் பாதிக் கல்

“முதல்ல யார் பேருங்க சார் அடிக்கணும்?”

பஞ்சநாதன் டைப்ரைட்டர் மேல் வைத்த விரலை எடுக்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். இடப்பக்கம் புரொபசர் வைத்திலிங்கம். வலப்பக்கம் புரொபசர் ஞானப்பிரகாசம். நடுவில் ஒரு இரும்பு பீரோ. அரியலூரில் அந்தக் கல்லூரியின் நிலவியல் துறை மொத்தமே அவ்வளவுதான். ஒரு அறை, இரண்டு புரொபசர், ஒரு பீரோ, ஒரு பஞ்சநாதன்.

“பஞ்சநாதா, யார் பேர் முதல்ல வரணும்னு பீரோவுக்கு அந்தப் பக்கம் இருக்கறவருக்கே மனசுக்குள்ள தெரியும். கேட்டுச் சொல்லு” என்றார் வைத்திலிங்கம்.

“பஞ்சநாதா, என்கிட்ட நேரா கேக்காத கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லேன்னு அந்தப் பக்கம் போய்ச் சொல்லு” என்றார் ஞானப்பிரகாசம்.

பஞ்சநாதன் எழுந்து பீரோவைச் சுற்றி வந்து நின்றான்.

“சார், அவரு வந்து...”

“கேட்டுது, கேட்டுது. நான் என்ன செவிடா?”

கட்டுரை நாற்பது பக்கம். கடைசிப் பக்கம் வரைக்கும் அடித்து முடித்தாயிற்று. முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் காலி. எழுதியவர்கள் பெயர். அந்த ஒரு வரி மூன்று வருஷமாகக் காலி.

விஷயம் இதுதான். காரை ஓடைப் பக்கம் மழை அரித்து அரித்து, மண் மடிப்பு மடிப்பாக நிற்கும் பொட்டல் ஒன்று உண்டு. கோடி கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. வைத்திலிங்கமும் ஞானப்பிரகாசமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கடலுக்குப் போய் வருவார்கள். ஞானப்பிரகாசம் காலைப் பூசை பார்த்துவிட்டு வருவார், வைத்திலிங்கம் பழையது சாப்பிட்டுவிட்டு வருவார். பஞ்சநாதன் சுத்தியலும் சாக்கும் தூக்கிக்கொண்டு பின்னால் போவான்.

அப்படிப் போன ஒரு நாளில் தேங்காய் அளவுக்கு உருண்டையாக ஒரு கல் கண்ணில் பட்டது. இரண்டு பேர் கண்ணிலும் ஒரே சமயத்தில்.

“நான் பார்த்துட்டேன்!”

“நீங்க பார்த்தது என் கையைப் பார்த்துத்தான். நான் காட்டினேன்ல?”

“கையை விடுங்க வைத்தி.”

“நீங்க விடுங்க ஞானம்.”

யாரும் விடவில்லை. கல்தான் விட்டுக்கொடுத்தது. கீழே விழுந்து, தேங்காய் உடைகிற மாதிரி இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் நத்தை போலச் சுருண்ட ஒரு ஓடு. மறு பாதியில் அதே ஓட்டின் அச்சு. ஓட்டின் மேலே கீரையிலை ஓரம் மாதிரி நெளிநெளியாகக் கோடுகள். அந்த மாதிரிக் கோடு எந்தப் புத்தகத்திலும் இல்லை. உலகத்துக்கே புதுசு. ஓடு இருந்த பாதியை வைத்திலிங்கம் வேட்டியில் சுற்றிக்கொண்டார். அச்சு இருந்த பாதியை ஞானப்பிரகாசம் துண்டில் முடிந்துகொண்டார். பஸ்ஸில் ஒருத்தர் முன் சீட்டு, ஒருத்தர் கடைசி சீட்டு. அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. நேர்ப்பேச்சு நின்றதே தவிர, ஞாயிற்றுக்கிழமை காரைக்குப் போவது நிற்கவில்லை.

இவர்கள் சண்டையில் பஞ்சநாதனுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அவன் வேலையே அதில்தான் தொங்கியது. அவன் இருந்தது தற்காலிக வேலையில். ஆராய்ச்சி உதவியாளர், பல்கலைக்கழகத் திட்டத்தில். நிரந்தரம் ஆக்கச் சொல்லிக் கேட்டபோது பிரின்சிபால் அவன் தோளில் கையே போட்டார்.

“ஆராய்ச்சி முடியட்டும் பஞ்சநாதா. மறுநாளே உன்னை நிரந்தரமாக்கிடறேன்.”

இதை அவன் சந்தோஷமாக வாட்ச்மேன் அமாவாசையிடம் போய்ச் சொன்னான்.

“தோள்ல கை போட்டாரா?” என்று கேட்டார் அமாவாசை.

“ஆமா.”

“எனக்கும் போட்டாரு. காம்பவுண்டுச் சுவர் கட்டி முடியட்டும், உன்னை நிரந்தரமாக்கிடறேன்னாரு. கட்டி முடிச்சு, அந்தச் சுவர் இடிஞ்சும் போச்சு.”

பஞ்சநாதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் காது முழுக்கச் செட்டிகுளத்தில் இருந்தது. செட்டிகுளம் கொளஞ்சியப்பனின் மகள் பூங்கோதையை அவனுக்குப் பேசியிருந்தார்கள். பேசியது வைத்திலிங்கத்தின் சம்சாரம் கலியம்மாள். கொளஞ்சியப்பன் அவளுக்குச் சித்தப்பா முறை.

“பையன் தங்கம்தான். நான் இல்லேங்கலை” என்று கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டிருந்தார். “வேலை நிக்கும்னு தெரியட்டும், ஆவணியில தேதி வைப்போம். இல்லேன்னா பெரம்பலூர் பஸ் கண்டக்டர் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான். அவன் வேலை ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா நிக்கும்.”

பூங்கோதையை முருகன் கோயில் படியில் ஒரே ஒரு தடவைதான் பஞ்சநாதன் பார்த்தான். “காலேஜ்ல என்ன வேலைங்க?” என்று அவள் கேட்டாள். “கல்லு கழுவற வேலை” என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒரு கண்டக்டருக்கு விட்டுக்கொடுக்க அவன் தயாராக இல்லை.

ஆகவே அந்த ஒரு வரியை நிரப்பியே தீருவது என்று இறங்கினான்.

“அகர வரிசையில போட்டுடலாமுங்களா சார்?”

“ஞா முதல்ல, வை அப்புறம்” என்றார் ஞானப்பிரகாசம். “பையன் புத்திசாலி.”

“இனிஷியலையும் சேர்த்துப் பார்க்கணும்னு சொல்லு” என்றார் வைத்திலிங்கம். “எங்கப்பா பேரு அருணாசலம்.”

“எங்கப்பா பேரு அந்தோணி. அருணாசலத்துக்கு முன்னால அந்தோணி வந்து நிக்கறாருன்னு சொல்லு.”

“எங்க தாத்தா பேரு அங்கமுத்து!”

“எங்க தாத்தாவை இழுக்காதேன்னு சொல்லு. அவரு பேரு அகஸ்டின்!”

முப்பாட்டனுக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் பஞ்சநாதன் வேறு வழி பிடித்தான். யார் சீனியரோ அவர் பேர் முதலில். ஆனால் இரண்டு பேரும் வேலையில் சேர்ந்தது ஒரே நாள். அன்றைக்கு யார் முதலில் கேட்டுக்குள் நுழைந்தது என்பதற்கு ஒரே சாட்சி அமாவாசை.

“ரெண்டு பேரும் ஸ்டேஷன்லேருந்து ஒரே குதிரை வண்டியிலல்ல வந்தாங்க” என்றார் அமாவாசை.

“இறங்கினது யாரு முதல்ல?”

“எங்க இறங்கினாங்க? ‘நீ குடுக்காத, நான் குடுக்கறேன்’னு வண்டி வாடகைக்கு ஒரே சண்டை. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வண்டிக்குள்ளயே. கடைசியில குதிரைதான் முதல்ல கேட்டுக்குள்ள போச்சு.”

சீனியாரிட்டியும் போயிற்று.

மூன்றாவதாக பஞ்சநாதன் செய்தது, அவன் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். பொய் சொன்னான். ஞானப்பிரகாசம் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போனான்.

“சார், வைத்தி சார் ஒரு வார்த்தை சொன்னாருங்க.”

“என்னவாம்?”

“‘ஞானம் பேரே முதல்ல இருந்துட்டுப் போகட்டும்’னாருங்க.”

ஞானப்பிரகாசத்தின் கிளாஸ் சாசரில் தடக்கென்று உட்கார்ந்தது.

“வைத்தியா சொன்னாரு? எப்ப?”

“நேத்து சாயங்காலமுங்க.”

“நேத்து சாயங்காலமா? நேத்து சாயங்காலம் அவரு...” என்று ஆரம்பித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், மனம் இளகிவிட்டது என்று பஞ்சநாதன் நினைத்தான். ஆனால் ஞானப்பிரகாசம் மேஜையை ஒரு குத்து குத்தினார்.

“அவர் விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கறதா? ஏலாக்குறிச்சிக்காரன் அவ்வளவு இளப்பமாப் போயிட்டானா? அடைக்கல மாதா மேல ஆணை, அவர் பேர்தான் முதல்ல! போய்ச் சொல்லு!”

பஞ்சநாதன் போய்ச் சொன்னான். இதுவாவது உண்மை என்பதால் கொஞ்சம் தெம்பாகவே சொன்னான்.

“ஞானமா சொன்னான்? சொன்னாரு?” என்று வைத்திலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு நிமிஷம் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பினார். “ஓ! பெரிய மனுஷன்னு பேர் வாங்கப் பார்க்கறாரா? நடக்காது. என் பேரு ரெண்டாவதாத்தான் வரணும். மீறி முதல்ல அடிச்சே, கட்டுரையைக் கிழிச்சுக் காரை ஓடையில விட்டுடுவேன்!”

மறுநாளிலிருந்து சண்டை தலைகீழாக நடந்தது.

“நான்தான் ரெண்டாவதுன்னு சொல்லு!”

“அவரு எப்படி ரெண்டாவதுன்னு கேளு! நான் மூணு வருஷமா ரெண்டாவது!”

கதவுக்கு வெளியே நின்று கேட்ட மாணவர்கள் பாஸ் மார்க் பற்றிய சண்டை என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

பஞ்சநாதன் சோறு தண்ணியில்லாமல் யோசித்து நான்காவது வழியைக் கண்டுபிடித்தான். ஒருத்தர் பேர் கட்டுரையில் முதலில் வரட்டும். இன்னொருத்தர் பேரை அந்தச் சிப்பிக்கே வைத்துவிடலாம். புதுசாகக் கண்டுபிடித்த சிப்பிக்கு எப்படியும் ஒரு பேர் வேண்டும்தானே? ஒருத்தருக்குக் காகிதம், ஒருத்தருக்குக் கல். யாருக்கும் குறையில்லை.

“அட, நல்ல யோசனை” என்றார் வைத்திலிங்கம். “சிப்பிக்கு ஞானப்பிரகாசம் பேரையே வை. ஆனா அப்ப அவர் பேரு கட்டுரையில இருக்கப்படாது.”

“ஏனுங்க சார்?”

“என்னப்பா, இத்தனை நாளா இங்க என்ன கத்துக்கிட்டே? ஒரு புழுவோ சிப்பியோ கண்டுபிடிச்சவன் தன் பேரைத் தானே அதுக்கு வச்சுக்கக் கூடாது. அடுத்தவன்தான் வைக்கணும். உலகம் பூரா அதான் நாகரிகம். எழுதினவங்க வரிசையிலயும் அவர் பேரு, சிப்பியிலயும் அவர் பேருன்னா, தனக்குத் தானே மாலை போட்டுக்கிட்ட மாதிரி ஆவாதா? எடுத்துடு.”

பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“பஞ்சநாதா! சிப்பிக்கு வைத்திலிங்கம் பேரைத்தான் வைக்கணும். ஆகவே கட்டுரையிலேருந்து அவர் பேரை எடு!”

சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும், தனக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். முன்பு ஒரு வரிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த வரிக்கு ஆளே இல்லை. நாற்பது பக்கமும் தன்னைத் தானே எழுதிக்கொண்ட மாதிரி மேஜை மேல் கிடந்தது.

அந்த வாரம்தான் பல்கலைக்கழகத்துக்கு அரையாண்டு அறிக்கை அனுப்ப வேண்டிய வாரம். வழக்கமான ஒரே வரியைப் பஞ்சநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். ‘பணி தொடர்கிறது.’ அதில் மட்டும் யார் முதலில் என்ற பேச்சே கிடையாது. இரண்டு பேரும் பேனாவைப் பிடுங்கிப் பிடுங்கிக் கையெழுத்துப் போடுவார்கள்.

அன்று சாயங்காலம் கலியம்மாள் அவனைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

“என்ன பஞ்சு, முகம் வாடிப்போயிருக்கு? தீபாவளிக்கு உனக்கு எடுத்த வேட்டி அப்படியே இருக்கு. இப்பவாவது எடுத்துக்கிட்டுப் போயேன்.”

“வேண்டாமுங்கம்மா. சும்மா வாங்கிப் பழக்கமில்லை.”

“சும்மா இல்லடா. ஒரு பிரியம்.”

“பிரியத்துக்குக் காப்பி போதுமுங்க.”

“உன் ரோஷத்தை உப்புப் போட்டுத்தான் ஊறவைக்கணும்” என்று அவள் காப்பி கொடுத்தாள். அதற்குப் பதிலாக அவன் கொல்லையில் கிடந்த கல்லை எல்லாம் கழுவி வைத்துவிட்டுத்தான் போனான்.

போகிற வழியில்தான் அவனுக்கு ஐந்தாவது யோசனை வந்தது. நேராகத் தபாலாபீஸுக்குப் போனான். கல்கத்தாவில் டாக்டர் சென்குப்தா என்று ஒருவர். சுருண்ட சிப்பி என்றால் இந்தியாவில் அவர் வைத்ததுதான் சட்டம். ‘அபூர்வக் கல். உடனே வரவும். நிலவியல் துறை, அரியலூர்’ என்று தந்தி அடித்தான்.

வருவார் என்று அவனே நம்பவில்லை. பதில் தந்தி வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறார்.

அதைப் படித்ததும் நடந்ததுதான் அதிசயம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு புரொபசரும் பீரோவைத் தாண்டி நேருக்கு நேர் பேசினார்கள்.

“நீயா கூப்பிட்டே?”

“நான் எதுக்குக் கூப்பிடறேன்? நீ கூப்பிடலையா?”

“எனக்கு என்ன பைத்தியமா?”

பஞ்சநாதன் தலையைச் சொறிந்தான்.

“நான்தானுங்க சார்.”

இரண்டு பேரும் அவனைப் பார்த்த பார்வையில் கோபத்தைக் காணோம். கிணற்றில் விழப்போகிறவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

“கல்லு இப்ப என்கிட்ட இல்லையே” என்றார் ஞானப்பிரகாசம் அவசரமாக. “வூட்டுல வெள்ளையடிச்சாங்க. எங்க போச்சோ தெரியலை.”

“என் பாதி செட்டிகுளத்துல மாமனார் வூட்டு நெல்லுக் குதிருக்குள்ள கிடக்கு” என்றார் வைத்திலிங்கம். “இப்ப எடுக்க முடியாது. குதிரை மூடிட்டாங்க.”

“சத்தியமாங்களா சார்?”

“மதுரகாளி மேல சத்தியம். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, சிறுவாச்சூர்ல நடை சாத்தியிருக்கும். திங்கள், வெள்ளியில கேளு. திரும்பச் சொல்றேன்.”

கல்கத்தாவிலிருந்து ஒரு மனிதர் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்து வெறும் மேஜையையா பார்ப்பார்? புதன்கிழமை பஞ்சநாதன் ஞானப்பிரகாசத்தின் வீட்டுக்கே போனான். அவர் இல்லை. அவர் சம்சாரம் மதலேனம்மாள் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வெள்ளையடிச்சப்ப சார் கல்லு ஒண்ணு காணாமப் போச்சாமே?”

“இந்த வூட்டுக்கு வெள்ளையடிச்சு எந்தக் காலம்? கல்லுன்னா கட்டிலுக்கு அடியிலதான். பாத்து எடு, முட்டிக்காதே.”

கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய துண்டு மூட்டை. அவிழ்த்தான். ஒரு பாதி இல்லை. இரண்டு பாதியும் இருந்தன. ஓடும் அச்சும் குங்குமச் சிமிழ் மூடின மாதிரி ஒன்றோடு ஒன்று பொருந்தி, நடுவில் சணல் கயிறு கட்டி, துளி மண் இல்லாமல் துடைத்து வைத்திருந்தது.

பஞ்சநாதன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். ‘ஐயையோ, ஞானப்பிரகாசம் சார் வைத்தி சார் பாதியைத் திருடிட்டாரே! குதிருக்குள்ள இருக்குன்னு அந்த மனுஷன் நம்பிக்கிட்டிருக்காரே!’ இது வெளியே தெரிந்தால் சண்டை போலீஸுக்குப் போகும். துறையையே இழுத்து மூடுவார்கள். ஆவணி போகும். பூங்கோதை பெரம்பலூர் பஸ் ஏறிவிடுவாள்.

மூட்டையை அப்படியே எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வியாழக்கிழமை டாக்டர் சென்குப்தா குடையும் ஒரு சின்னப் பெட்டியுமாக இறங்கினார். ஒல்லியான மனிதர். சாப்பாடு வைத்திலிங்கம் வீட்டில் என்று கலியம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். “முதல்ல கல்லு, அப்புறம்தான் சாப்பாடு” என்று அவர் இங்கிலீஷில் சொல்லிவிட்டு நேராகத் துறைக்கு வந்தார்.

“அது வந்து, கல்லு வந்து...” என்று ஞானப்பிரகாசம் இழுத்தார்.

“குதிருக்குள்ள...” என்று வைத்திலிங்கம் ஆரம்பித்தார்.

பஞ்சநாதன் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையை மேஜை மேல் வைத்தான்.

பூகம்பம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வைத்திலிங்கம் அவன் காதருகே குனிந்தார்.

“எங்கேருந்துடா எடுத்தே?”

“மன்னிச்சுக்கங்க சார். ஞானப்பிரகாசம் சார் கட்டிலுக்கு அடியிலேருந்து.”

வைத்திலிங்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார்.

“கட்டிலுக்கு அடியில! உனக்கு வேற இடமே கிடைக்கலையா?”

சென்குப்தா எதையும் கேட்கவில்லை. அவர் லென்ஸுக்குப் பின்னால் இருந்தார். ஓட்டை எடுத்தார், திருப்பினார், அச்சோடு சேர்த்தார், பிரித்தார். ஒரு தடவை பெருமூச்சு விட்டார். பிறகு கட்டுரையைக் கையில் எடுத்தவர் நின்றுகொண்டே நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டார். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

“முப்பது வருஷமா இதே வேலையா இருக்கேன். இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை” என்றார். “இப்படி ஒரு விளக்கத்தையும் படிச்சதில்லை. எது யார் எழுதினதுன்னு பிரிக்கவே முடியலை. ஒரே கை மாதிரி இருக்கு.”

இரண்டு புரொபசரும் தரையைப் பார்த்தார்கள்.

“எழுதினவங்க பேர் எங்கே?”

பஞ்சநாதன் மெதுவாக நிலைமையைச் சொன்னான். முதல் என்று சண்டை போட்டது, பிறகு இரண்டாவது என்று போட்டது, கடைசியில் இரண்டு பேரும் இல்லை என்று ஆனது. சென்குப்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அகர வரிசைப்படி ஞானப்பிரகாசம், வைத்திலிங்கம் என்று எழுதினார். அவ்வளவுதான். மூன்று வருஷத்து வரி மூன்று நொடியில் நிரம்பிவிட்டது. கல்கத்தாக்காரர் முன்னால் தாத்தாக்களைக் கூப்பிட இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

“சிப்பிக்கு யார் பேரு?”

“பஞ்சநாதன்” என்றார் வைத்திலிங்கம்.

“பஞ்சநாதன்” என்றார் ஞானப்பிரகாசம்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

சென்குப்தா பஞ்சநாதன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இனி உலகம் இருக்கற வரைக்கும் இந்தச் சிப்பி உன் பேர்லதான் இருக்கும், தம்பி. நான் இதைக் கையோட கொண்டுபோறேன். அடுத்த இதழ்லயே வந்துடும். ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னு பல்கலைக்கழகத்துக்கும் நானே எழுதிடறேன்.”

சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால ரயிலில் அவர் கிளம்பினார். ரயில் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பஞ்சநாதன் கையை ஆட்டினான். திரும்பிப் பார்த்தால், இரண்டு புரொபசரும் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சார், முடிஞ்சுடுச்சுங்க சார்!”

“ஆமாம்ப்பா. முடிஞ்சுடுச்சு” என்றார் ஞானப்பிரகாசம்.

“நாளைக்கே பிரின்சிபாலைப் பார்க்கப் போறேனுங்க!”

“பாரு, பாரு” என்றார் வைத்திலிங்கம். “தோள்ல கை போடுவாரு.”

மூன்று பேரும் நடந்தே வைத்திலிங்கம் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று வருஷமாக ஞானப்பிரகாசம் அந்த வாசலை மிதித்ததில்லை என்றுதான் ஊரே சொல்லும். மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே உள்ளே போய், கதவுக்குப் பின்னால் மறைவாக இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தார். பஞ்சநாதன் இருந்த குஷியில் அது அவன் கண்ணில் படவில்லை.

கூடத்து மூலையில் போன வாரம் காரையிலிருந்து கொண்டுவந்த சாக்கு கிடந்தது. வைத்திலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானப்பிரகாசமும் அதையே பார்த்தார். கடைசியில் வைத்திலிங்கம் எழுந்து சாக்குக்குள் கையை விட்டு ஒரு உருண்டைக் கல்லை எடுத்தார்.

“ஞானம், இது நான் பார்த்த கல்லுதானே?”

ஞானப்பிரகாசத்தின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

“நீங்க பார்த்ததா? நல்லா இருக்கே! நான் பார்த்தது!”

“கையை விடுங்க.”

“நீங்க விடுங்க!”

“சார்! சார்! வேண்டாங்க!” என்று பஞ்சநாதன் பாய்ந்தான்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்த இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒரே சமயத்தில் கையை விட்டார்கள். கல் கூடத்துக் கருங்கல் தரையில் விழுந்து, அழகாக இரண்டாகப் பிளந்தது. உள்ளே நீளமாக, இதுவரை யாரும் பார்த்திராத என்னவோ ஒன்று நெளிந்து கிடந்தது.

“இது என் பாதி!” என்று வைத்திலிங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார்.

“இது என்னுது! என் பேர்தான் முதல்ல வரும், சொல்லிட்டேன்!” என்று ஞானப்பிரகாசம் இன்னொன்றோடு அவர் பின்னாலேயே போனார்.

பஞ்சநாதன் சுவரோரமாகச் சரிந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கலியம்மாள் காப்பியை அவன் முன்னால் வைத்தாள்.

“என்னடா இது, சிப்பிக்கெல்லாம் பேர் குடுத்த பையன் இப்படி உட்கார்ந்திருக்கே?”

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களேம்மா! ஒரு கல்லுக்கே மூணு வருஷம். இன்னொரு மூணு வருஷம் யாரும்மா தாங்கறது?”

கலியம்மாள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட ஒரே லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அட மக்கு, ஆராய்ச்சி முடிஞ்சா மறுநாளே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, உன்கிட்டச் சொன்னா ரோஷப்பட்டு நீயே போயிடுவேன்னுதானே இதுங்க ரெண்டும் மூணு வருஷமா முறைச்சுக்கிட்டு நடிக்குதுங்க, காப்பியைக் குடிச்சுட்டுச் செட்டிகுளத்துக்குக் கிளம்பு, புதுக் கல்லால திட்டம் நீளும், இன்னும் மூணு வருஷத்துக்கு வேலை நிக்கும்னு எங்க சித்தப்பாகிட்டச் சொல்லித் தேதியைக் குறிச்சுக்கிட்டு வா!”